வாசகர் கேள்வி – பதில்: மதுரை முதல் குமரி வரை, ஒரு காரும் இரண்டு பேரும்

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, நானும் என் வீட்டுக்காரரும் மதுரையில் இருந்து கன்னியாகுமரி வரை வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டே காரில் போனதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குத்தான் இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் பேசலாம்.

அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி 26 வருடம் ஆகிறது. கோயில், கல்யாணம், துக்கம் என்று போனதெல்லாம் பத்துப் பேரோடுதான், நாங்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை. இப்போது பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் ஒரு கார் நிற்கிறது. நீங்கள் போன மாதிரியே கன்னியாகுமரி போக ஆசை. இவரோ, "நாலு மணி நேரத்துல போயிரலாம், அதுக்கு எதுக்கு ஒரு நாள்?" என்கிறார். எப்போது கிளம்பி எங்கே என்ன சாப்பிடலாம் என்று விவரமாக எழுதுங்கள். – வாசகி, திண்டுக்கல்

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான். மதுரையில் இருந்து கன்னியாகுமரி சுமார் 245 கிலோமீட்டர், முழுக்க நான்கு வழிச்சாலை, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். நாங்களும் பல வருடம் அப்படித்தான் போனோம். பைபாஸ் வந்த பிறகு விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாகிவிட்டன. ஊருக்குள் நுழையாமலே ஊரைத் தாண்டிவிடுகிறோம்.

இந்தச் சாலையில் சாப்பிட்டுக்கொண்டு போக நினைத்தால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வேளையைப் பாருங்கள். பதநீர் காலைச் சரக்கு. திருநெல்வேலியில் அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். விருதுநகரில் புரோட்டாக் கல் மும்முரமாக ஓடுவது பொழுது சாய்ந்த பிறகுதான். எல்லாவற்றையும் ஒரே திசையில் ஒரே நாளில் சாப்பிட முடியாது என்பது எங்களுக்கு மூன்று தடவை போன பிறகுதான் புரிந்தது. இப்போது போகும்போது காலையிலும் மதியமும் சாப்பிட வேண்டியதை முடித்துக்கொள்கிறோம், மாலையில் கிடைப்பதைத் திரும்பும்போது வைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் திண்டுக்கல்காரர் என்பதால் முதல் நாள் இரவே மதுரைக்கு வந்துவிடுங்கள். காலை ஆறே கால் மணிக்குக் கிளம்புங்கள். ஒரு காபி மட்டும் போதும், "ரெண்டு இட்லி வயித்துல போட்டுக்கலாமே" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். கப்பலூர் சுங்கச்சாவடி, திருமங்கலம், அப்புறம் விருதுநகர் பைபாஸ். அந்த நேரத்தில் லாரிகள்கூடக் குறைவாகத்தான் இருக்கும். சாத்தூர் தாண்டியதும் மண் கறுத்துவிடும். கரிசல் காடும் அங்கங்கே பனையும் தெரியும். பங்குனியில் இருந்து ஆனிக்குள் போனீர்கள் என்றால், சாலையோரத்தில் ஒரு சைக்கிளோ டிவிஎஸ் எக்ஸெல்லோ நிற்கும், பக்கத்தில் பானையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். "என்னங்க, ஓரங்கட்டுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வண்டி நின்றுவிடும், இத்தனை வருடத்தில் அது அவருக்குப் பழகிவிட்டது.

பதநீரைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். பனை ஓலையை மடித்துத் தொன்னை மாதிரி பிடித்து ஊற்றுவார்கள், இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிக்க வேண்டும். பிளாஸ்டிக் தம்ளரில் அந்த ஓலை வாசம் வராது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுகிறார்கள், அதனால்தான் அது புளிக்காமல், கள்ளாக மாறாமல் இருக்கிறது. நல்ல பதநீரில் அந்தச் சுண்ணாம்பின் மெல்லிய வாடை இருக்கும். அது இல்லாமல் வெறும் சர்க்கரைத் தண்ணீர் போல இனித்தால் அதற்கு மேல் குடிக்க வேண்டாம். நுங்கைக் கீறி அதிலேயே போட்டுத் தரச் சொல்லலாம். பதினோரு மணி வெயிலில் குடிக்க நினைக்காதீர்கள், அதற்குள் சூடேறி ருசி மாறிவிடும்.

எட்டு, எட்டேகாலுக்கெல்லாம் கோவில்பட்டி. இங்கே கண்டிப்பாகப் பைபாஸை விட்டு ஊருக்குள் போங்கள். காலைச் சாப்பாடு ஏதாவது ஒரு சின்னக் கடையில் ஆளுக்கு இரண்டு இட்லி, இருவருக்குமாக ஒரு வடை, அவ்வளவுதான். ஏனென்றால் அடுத்து கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் இது. கரிசல் நிலத்துக் கடலையை வறுத்து, தோல் நீக்கி, வெல்லப்பாகில் போட்டு, தட்டில் சமப்படுத்தி வெட்டுகிறார்கள், மேலே கலர் தேங்காய்ப்பூவைத் தூவிவிடுகிறார்கள். பெட்டியில் அடைத்ததை வாங்கும் முன் அன்றைக்குப் போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். வாயில் போட்டதும் முதலில் கடலை மணமும் பிறகு வெல்லத்தின் இனிப்பும் வந்தால் அது நல்ல மிட்டாய். பல்லில் ஒட்டி இழுத்தால் பாகு பதம் தப்பியிருக்கிறது.

கோவில்பட்டியில் இருந்து உங்களுக்கு இரண்டு வழி உண்டு. கிழக்கே 15 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம், 1882-இல் பாரதி பிறந்த வீடு. மேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் கழுகுமலை. நாங்கள் கழுகுமலைக்குத்தான் போனோம். வெட்டுவான் கோயில் என்று, மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, ஒரே பாறையில் பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் செதுக்க ஆரம்பித்து முடிக்காமல் விட்ட கோயில். விமானம் முழுமையாக இருக்கிறது, அடிப்பகுதி இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பாறை நெடுகச் சமணச் சிற்பங்கள். வெயில் ஏறும் முன் போய்விட வேண்டும், பத்தரைக்கு மேல் பாறை சுடும். அந்த மலையில் நாங்கள் இருவரும் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான 22 வருடத்தில் அது எங்களுக்குப் புதிது.

மறுபடி கோவில்பட்டிக்கு வந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர், நினைவுச் சின்னமும் இருக்கிறது. ஆனால் கயத்தாறு என்றால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மதுரையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். அவர்தான் ஓட்டினார். ஏசி, நேரான சாலை, மெல்லிய பாட்டு. எனக்கும் கண் சொருகிக்கொண்டு வந்தது. கயத்தாறுக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று காருக்கு அடியில் தடதடவென்று சத்தம், விழித்துப் பார்த்தால் வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்து மண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் ஆள் விழித்திருக்கவில்லை. நான் கத்திய பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்பினார். பத்தடி முன்னால் பழுதான லாரி ஒன்று நின்றிருந்தால் இன்று இந்தப் பதிலை எழுத நான் இல்லை. அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரும் முக்கால் மணி நேரம் தூங்கினோம். எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே ரோட்டுல வயிறு நெறையச் சாப்பிட மாட்டேன்மா." இருவருக்கும் ஒரே இலை என்ற பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. சைவம் என்றால் எதையும் ஒன்றுதான் வாங்குவோம், பாதிப் பாதி. அதனால்தான் ஒரே நாளில் ஐந்து ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்க்க முடிகிறது, கண்ணும் சொருகாமல் இருக்கிறது.

மதியம் இரண்டில் இருந்து நான்கு மணி வரை சாதாரணமாகவே உடம்பு தளரும் நேரம். அந்த இரண்டு மணி நேரம் ஓட்டவே வேண்டாம் என்று இப்போது முடிவாக வைத்திருக்கிறோம். அதற்குத் தோதாக ஒரு மணிக்குள் திருநெல்வேலி போய்விடலாம். அங்கே சொதி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. தேங்காயை மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்த குழம்பு. அந்தப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடும் சாப்பாடு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் இருந்தே ஆக வேண்டும். தேங்காய்ப்பால் மந்தம், அதை இஞ்சிதான் செரிக்க வைக்கும் என்பார்கள். இதையும் ஒரு சாப்பாடு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கடைக்காரர் அப்படிக் கொடுக்க யோசித்தால் கூடுதலாக ஒரு தயிர் சாதம் சொல்லுங்கள்.

சாப்பிட்டுவிட்டுத் தாமிரபரணிக் கரைக்கு, குறுக்குத்துறைக்குப் போங்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும், வடிந்ததும் மறுபடி பூஜை நடக்கும். நடை சாத்தியிருந்தாலும் கரையில் நிழல் உண்டு, தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்காரலாம். நான்கு, நாலரைக்கு நெல்லையப்பர் கோயில். வெளியே வந்தால் எதிரிலேயே இருட்டுக்கடை, அதற்குள் வரிசை நின்றிருக்கும்.

இங்கேதான் உங்கள் வீட்டுக்காரரோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். அல்வாவுக்காக நின்றால் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் கிடையாது, இன்னும் 85 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. அஸ்தமனம்தான் முக்கியம் என்றால் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும், அப்போது பேருந்து நிலையத்துப் பக்கம் பகலிலேயே திறந்திருக்கும் கடைகளில் அல்வா வாங்கிக்கொள்ளலாம், அதுவும் நல்ல அல்வாதான். என்னைக் கேட்டால் அல்வாவுக்கு நில்லுங்கள். சூடாக, இலைத் துண்டில் நூறு கிராம், தெருவில் நின்று இருவரும் சாப்பிட்டுவிட்டு ஆறே காலுக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குக் கன்னியாகுமரி. சூரியனை மறுநாள் காலையில் உதயமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய், மாத்திரையும் இன்சுலினும் உண்டு. ஆனால் அவர்தான் ஓட்டுவார், எனக்கு ஓட்டத் தெரியாது. அல்வா, கடலை மிட்டாய் என்று நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. – வாசகி, கரூர்

நீங்கள் அல்வாவைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் விஷயத்தில் பயம் வேறு இடத்தில். இன்சுலின் போட்டுக்கொண்டு, "அடுத்த ஊர்ல சாப்பிடலாம், அடுத்த ஊர்ல சாப்பிடலாம்" என்று தள்ளிக்கொண்டே போனால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும், பேச்சில் எரிச்சல் வரும். ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இப்படி நேர்ந்தால் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவருடைய சாப்பாட்டு நேரத்தை ஊருக்காக மாற்றாதீர்கள், எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் என்றால் எந்த இடமாக இருந்தாலும் எட்டு மணிக்கு வண்டி நிற்கட்டும். கிளம்பும் முன் ஒரு தடவை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வீட்டில் வைத்திருக்கும் கருவியில் சர்க்கரையைப் பாருங்கள். குளுக்கோஸ் பொட்டலம் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல. தடுமாற்றம் தெரிந்தால் உடனே ஓரங்கட்டி, குளுக்கோஸ் கொடுத்து, சரியாகிப் பதினைந்து நிமிடம் ஆனவுடனே கிளம்பாமல், நன்றாகத் தெளிந்த பிறகுதான் ஓட்ட வேண்டும். இனிப்பு எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது. பதநீரும் கருப்பட்டியும் சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம், இரண்டிலும் இருப்பது சர்க்கரைதான்.

இன்னொன்று, நீங்கள் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்டது 41 வயதில். அந்தக் கயத்தாறு சம்பவத்துக்குப் பிறகு.

வழியில் கழிப்பறைக்கு என்ன செய்கிறீர்கள்? இதற்குப் பயந்தே நான் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. – வாசகி, சிவகாசி

இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி. பல வீடுகளில் பெண்கள் பயணத்தையே தவிர்ப்பது இதனால்தான், வாய்விட்டுச் சொல்வதில்லை. தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள். வெயில் காலத்தில் இந்தச் சாலையில் தலைவலி, மயக்கம், அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்று என்று எல்லாம் அனுபவித்திருக்கிறேன். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி, பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்கலாம். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒரு தடவை ஒரு பங்கில் "லேடீஸ் பாத்ரூம் ரிப்பேர்" என்றார்கள், உள்ளே பார்த்தால் ஆயில் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களிடம் இருந்த புகார்ப் புத்தகத்தை வாங்கி எழுதிவிட்டுத்தான் வந்தேன். நெடுஞ்சாலையில் எந்தச் சிக்கல் என்றாலும் 1033 என்ற எண் இருக்கிறது, செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் செய்வது, பெரிய சைவ ஓட்டல் எங்கே வந்தாலும் ஒரு காபிக்கு நிறுத்துவேன். காபி எப்படி இருந்தாலும் கழிப்பறை சுத்தமாக இருக்கும். ஒரு சோப்புத் துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் தனியாக வண்டியில் எப்போதும் உண்டு.

நான் சைவம், இவர் அசைவம். நான் எங்கே நிறுத்தச் சொன்னாலும், "அங்க போய் பாத்துக்கலாம்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார். அவர் நிறுத்தும் இடத்தில் எனக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பயணமும் சண்டையில்தான் முடிகிறது. – வாசகி, தேனி

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், ஆனால் நான் அசைவம், அவர் சைவம். நாங்கள் கண்டுபிடித்த வழி இது. கிளம்பும் முன் ஆளுக்கு இரண்டு நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டுக்கும் மற்றவர் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. நேரமாகிறது, முன்னால் நல்ல கடை இருக்கிறது, எதுவும் பேசக் கூடாது. என் இரண்டில் ஒன்று எப்போதும் விருதுநகர், திரும்பி வரும் மாலையில். அங்கே புரோட்டாவைக் கல்லில் சுடுவதில்லை, நடுவில் எண்ணெய் நிற்கும் கல்லில் பொரித்து எடுக்கிறார்கள். உள்ளங்கை அளவுதான், வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று. பிய்த்துப் போட்டு அதன் மேல் சால்னாவைக் குளம் மாதிரி ஊற்ற வேண்டும். பர்மா கடை என்று ஊரில் கேட்டால் கைகாட்டுவார்கள். நான் சாப்பிடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பதிலுக்கு அவருடைய நிறுத்தம் சாத்தூர், விருதுநகருக்கு முன்னாலேயே வந்துவிடும். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனால் அவர் கடை கடையாக ஏறி எந்தச் சேவில் பூண்டு தூக்கலாக இருக்கிறது என்று வாயில் போட்டுப் பார்ப்பதை நான் பொறுமையாக நின்று பார்ப்பேன். எண்ணெய்ச் சட்டிக்கு மேலே கண் கரண்டியைப் பிடித்து மாவைத் தேய்ப்பார்கள், காராச்சேவு அப்படியே எண்ணெயில் விழும், சூடு ஆறும் முன் ஒரு பிடி அள்ளிக் கையில் தருவார்கள். பக்கத்திலேயே கருப்பட்டி மிட்டாயும் இருக்கும், அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து கருப்பட்டிப் பாகில் முக்கியது. அது எங்கள் இருவருக்கும் பொது.

உங்கள் ஊரில் இருந்து கிளம்பும் முன்பே இந்த இரண்டு இரண்டை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால், "நான் அப்பிடிச் சொல்லலையே" என்று வரும்.

திருநெல்வேலி அல்வா மாதிரியே அதே சம்பா கோதுமை, அதே நெய் வாங்கிச் சென்னையில் செய்தேன், வரவில்லை. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணமா? – வாசகர், குரோம்பேட்டை

தண்ணீர்தான் என்று ஊர்க்காரர்கள் எல்லோரும் சத்தியம் செய்வார்கள், அவர்கள் நம்பிக்கையில் நான் கைவைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் தண்ணீருக்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அந்தப் பாலை ஓர் இரவு அப்படியே வைத்தீர்களா? லேசாகப் புளித்து, மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் நிற்கும் கெட்டிப் பாலைத்தான் எடுக்க வேண்டும். அந்த மெல்லிய புளிப்புதான் இத்தனை நெய்யும் சர்க்கரையும் திகட்டாமல் காப்பாற்றுகிறது. அடுத்து நிறம். கலர்ப்பொடி போட்டால் அந்தப் பழுப்பு வராது, சர்க்கரையில் ஒரு பங்கைக் கருக விடாமல் பழுப்பாகக் காய்ச்சிச் சேர்க்க வேண்டும். கடைசியாகக் கிண்டுவது. நெய் உள்ளே போய், மறுபடி பிரிந்து வெளியே வரும் வரை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். அரை மணி நேரத்தில் இறக்கினால் அது கோதுமைக் களி. ஒரு தடவை இப்படிச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எவ்வளவு செலவாகும்? – வாசகர், பரமக்குடி

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் போவதற்கு ஆயிரத்து அறுநூறு, எழுநூறு ரூபாய். கழுகுமலை போனால் இன்னும் முந்நூறு சேர்த்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடி கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், இல்லாமல் போனால் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் சொந்த உபயோகத்துக் காருக்கு வருடாந்திர பாஸ் உண்டு, 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. இந்தப் பயணத்தில் போக வர எட்டுத் தடவை கழியும். சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து அன்று செலவழித்தது பெட்ரோலில் பாதிகூட இல்லை, பார்சல் கட்டியது தனி.

திருநெல்வேலியோடு உங்கள் நாக்கு நின்றுவிட்டதா? எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! – வாசகர், நாகர்கோவில்

உங்கள் கோபம் நியாயம்தான். போன மாதம் இடமில்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன், உங்கள் ஊருக்குத்தான் முதலில் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

காவல்கிணறு பிரிவில் நேரே போனால் கன்னியாகுமரி, வலது பக்கம் திரும்பினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். பகலில் போகிறவர்கள் அந்த வலது பக்கத்தையே எடுங்கள். அதுவரை செம்மண்ணும் முள்ளுமாக வந்த நிலம், மலை இடைவெளியைத் தாண்டியதும் பத்தே நிமிடத்தில் வாழையும் தென்னையும் குளமுமாக மாறிவிடும். சாலைக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆனி, ஆடியில் அந்தக் கணவாயில் அடிக்கும் காற்று காரையே அசைக்கும், லாரியை முந்தும்போது அதன் மறைவில் இருந்து வெளியே வரும் அந்த ஒரு நொடியில் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

நாங்கள் மறுநாள் காலையில் கன்னியாகுமரியில் உதயம் பார்த்துவிட்டு, எட்டு மணிப் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு, 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்தோம். 77 மீட்டர்தான். அவர் காலடியில் கடலைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றுவிட்டார், நான் கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அப்புறம் உங்கள் ஊருக்குத்தான் வந்தோம். கடை வாசலில் குலை குலையாகத் தொங்கும் பழங்களில் முதலில் மட்டிப் பழம் கேட்டேன். விரல் நீளம்தான், தோல் காகிதம் மாதிரி, வாசனை மட்டும் கார் முழுக்க மதுரை வரை வந்தது. அவர் ஏத்தன் பழத்தில், அதாவது நேந்திரம் பழத்தில் செய்த பழம்பொரியும் கட்டன் சாயாவும். மதியம் நான் கப்பையும் (மரச்சீனிக் கிழங்கு) மீன் குழம்பும் சாப்பிட்டேன், தேங்காய் அரைத்து, புளி ஊற்றிய அந்தக் குழம்பை மதுரையில் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அவருக்குப் புளிசேரி என்ற மோர்க் குழம்போடு சாப்பாடு. அன்று மட்டும் ஓர் இலை இரண்டாகிவிட்டது, ஏனென்றால் என் மீனை அவர் தொட மாட்டார். அதனால் மதியம் வண்டி எடுக்கவில்லை, வடசேரிப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தூங்கிவிட்டு நாலரைக்குத்தான் கிளம்பினோம்.

மரச்சீனிக் கிழங்கை உங்கள் ஊரில் எப்படி அவிக்கிறார்கள், முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேக வைப்பார்களா என்று அந்தக் கடைக்கார அம்மாவிடம் கேட்க மறந்துவிட்டேன். தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த மாதம் இதே பக்கத்தில் போடுகிறேன்.